ஊமைச்சுனையில் ஒருத்தி

விஞ்ஞானிகளுக்குச் சாமி பயம் இருக்கிறதோ இல்லையோ, சொந்த எச்சில் மேல் பயம் உண்டு. நுண்ணுயிர் ஆய்வகத்தில் ஒரு தும்மல் போதும், ஆறு மாத உழைப்பு பாழ். ஆராயப்படும் கிருமியின் டி.என்.ஏ.வோடு ஆராய்கிறவரின் டி.என்.ஏ.வும் போய்க் கலந்துவிடும். அதற்குக் கன்டாமினேஷன் என்று பெயர். யாருடைய எச்சில் என்று கண்டுபிடிக்க வசதியாக, வேலைக்குச் சேரும் அன்றைக்கே எல்லோருடைய மரபணு வரிசையையும் எடுத்துக் கணினியில் போட்டு வைத்துவிடுவார்கள். ஒரு தடவை மாட்டினால் கேலி செய்வார்கள். இரண்டாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சந்தனமாரி மூன்றாம் தடவை மாட்டியிருந்தாள்.

"இங்க பாரு மாரி," என்றார் மச்சாது. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருந்த அந்த ஆய்வகத்தின் தலைவர் அவர். கடற்கரைக்காரர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். இப்போது பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் போலிருந்தது. "சுனைத் தண்ணியில மனுஷ டி.என்.ஏ. வந்திருக்கு. யாரோ குளிச்சிட்டுப் போயிருப்பாங்கன்னு விட்டுறலாம். ஆனா அது நீ. உன் வரிசையோட அச்சு அசலாப் பொருந்துது. முகமூடி போட்டியா இல்லையா?"

"போட்டேன் சார். ரெண்டு கையுறை போட்டேன். வாயே தெறக்கல."

"நீ வாயே தெறக்கலன்னு சொன்னா யாரு நம்புவா?"

நியாயமான கேள்விதான். மாரி இருக்கும் இடத்தை அவள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்து அறையில் இருப்பவர்கள் அவள் போனில் பேசுவதைக் கேட்டுச் சாத்தான்குளம் பக்கத்துச் சேதியெல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஊமைச்சுனையை ஆராயலாம் என்று சொன்னதே அவள்தான். அவளுடைய ஊரான நடுவப்பட்டியிலிருந்து தேரிக்குள் அரை மணி நேரம் நடந்தால் வரும். தேரி என்றால் தெரியாதவர்களுக்கு: திருச்செந்தூருக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச் செவேலென்று மணல் மேடு, காற்றடித்தால் இடம் மாறிப் படுக்கும். தமிழ்நாட்டுக்குள் இப்படி ஒரு பாலைவனமா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த மணலுக்கு நடுவே ஒரு சாஸ்தா கோவில், கோவிலுக்குப் பின்னால் கிணற்று அகலத்தில் ஒரு சுனை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பாசி கிடையாது, மீன் கிடையாது, தவளை கிடையாது. தவளை கத்தாத சுனை என்பதால் ஊமைச்சுனை. அதில் யாரும் கால் நனைக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு. பனையோலைப் பட்டையில் சாமிக்கு மட்டும் தண்ணீர் மொள்ளுவார்கள்.

சாமி குற்றம் என்று ஊர் சொன்னதற்கு மாரி ஆய்வகத்தில் வேறு காரணம் கண்டுபிடித்தாள். அந்தத் தண்ணீரில் மணிச்சத்து இல்லை. உர மூட்டையில் மணிச்சத்து என்று அச்சடித்திருக்குமே, அதே பாஸ்பரஸ்தான். அது இல்லாமல் எந்த உயிரும் உடம்பு கட்ட முடியாது. ஆனாலும் ஊமைச்சுனையில் ஒரு பாக்டீரியா இருந்தது. அதைப் போலக் கஞ்சத்தனமான ஜீவனை மாரி கண்டதில்லை. மற்ற பாக்டீரியாக்கள் தோல் கட்டுவதற்கு மணிச்சத்தைச் செலவழித்தால், இது கந்தகத்தை வைத்துத் தோல் கட்டிக்கொண்டது. அவசியமில்லாத மரபணுவை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்து, தரித்திரத்திலேயே குடித்தனம் நடத்தப் பழகியிருந்தது. அப்படிப்பட்ட கஞ்சன் தன் வயிற்றுக்குள் ஒரு மனுஷியின் டி.என்.ஏ.வை எதற்குச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்?

நான்காம் தடவை மச்சாது அவளை நம்பவில்லை. தானே காரை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்தார். மாரியை ஆய்வகத்தின் வாசலுக்கே வரவிடவில்லை. அவள் ஒரு வாரம் விடுதி அறையில் கிடந்து, வேலை போனால் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் கூப்பிட்டார்.

"உக்காரு," என்றார். குரல் தாழவில்லை, ஆனால் முகம் என்னவோ போலிருந்தது. "நீ தொடாத தண்ணியிலயும் நீதான் இருக்க."

மாரிக்கு ஏனோ நிம்மதி வரவில்லை. முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தது மாதிரி இருந்தது.

"எப்படி சார்?"

"டி.என்.ஏ.வுக்கு முதுகெலும்பே பாஸ்பரஸ்தான். இந்தக் கிருமி அதத்தான் சேத்து வைக்குது. எங்கயாவது டி.என்.ஏ. கெடச்சா முழுங்குது. மழக் காலத்துல தூசியோட கொஞ்சம் சத்து வந்தா, முழுங்கினதப் பிரதி எடுத்துப் பெருக்கிக்கிடுது. வறட்சி வந்தா பிரதிய ஒண்ணொண்ணாக் கரைச்சுத் தின்னுது. ஆனா எல்லாத்தையும் தின்னுறதில்ல. ஒண்ண மட்டும் விட்டு வைக்குது."

"விதைநெல்லு மாதிரி."

"அதே. ஒரு கிருமிக்கிட்ட ஒரு துண்டுதான் இருக்கு. ஆனா கோடிக்கணக்கான கிருமி. எல்லாத்தையும் சேத்து அடுக்கினா ஒரு முழு ஆளு வருது."

"அது நானா சார்? சின்னப் பிள்ளையில நான் சுனையில விழுந்திருப்பேனோ?"

மச்சாது மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். "விழுந்து எந்திரிச்சு வந்தா இவ்வளவு சேராது மாரி. ஒரு முழு உடம்பு அந்தத் தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கணும். பிரதி எடுக்கும்போது ஒண்ணு ரெண்டு தப்பு விழும்ல, அந்தத் தப்பையும் எண்ணிப் பாத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. நாப்பது ஆகல." பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு என்ன வயசு?"

மாரிக்கு முப்பத்தாறு.

"ரெண்டு பேருக்கு ஒரே வரிசை வரணும்னா ஒரே வழிதான் உண்டு," என்றார். "வீட்ல கேட்டுப் பாரு."

நடுவப்பட்டிக்குப் போகும் பேருந்தில் மாரி ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் அது தன்னுடைய முகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா பூவம்மாள் முற்றத்துப் பந்தலுக்குக் கீழே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா செத்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள், இரண்டு வெள்ளாடு துணை. மகளைக் கண்டதும், "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டாள். எந்த நேரத்தில் யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது.

"அம்மா, நான் ஒத்தப் பிள்ளையாவா பொறந்தேன்?"

பூவம்மாளின் கை நிற்கவில்லை. கீரையை உருவி முறத்தில் போட்டபடியே, "யாரு சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. சுனைத் தண்ணியச் சோதிச்சோம்."

அப்போதுதான் கை நின்றது. ஆடு ஒன்று வந்து முறத்தில் வாயை வைத்தது, அவள் விரட்டவில்லை.

"ஒங்கப்பா அப்போ பம்பாயில கடையில நின்னாவ," என்று ஆரம்பித்தாள். "மானம் பொய்ச்சு மழ இல்லாத வருசம். நான் முருங்கைத் தோட்டத்துக் குடிசையில தனியாக் கெடந்தேன். ரெண்டு பேரு பொறந்திய. மருத்துவச்சிக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரிக்குந்தான் தெரியும். அவிய ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாவ."

"கூடப் பொறந்தவ எப்படிம்மா செத்தா?"

"பசியில."

வெயில் பந்தல் ஓலை வழியாக முறத்தில் விழுந்து கிடந்தது. பூவம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கே கஞ்சி இல்ல, பெறவு பாலு எங்கருந்து வரும்? ஒருத்திக்கிக் காணும், ரெண்டு பேருக்குக் காணாது. நீ கத்துவ. தோட்டமே அதிரும். அவ கத்த மாட்டா. சும்மா என்னையப் பாத்துக்கிட்டே கெடப்பா. கத்துற பிள்ளைய அமத்திட்டு அவளுக்குக் குடுப்போம்னு நெனப்பேன். நீ அமர மாட்டே. அவளப் பாத்து, நல்ல பிள்ள, அம்மாவத் தொந்தரவு பண்ணாத பிள்ளன்னு மெச்சிக்கிடுவேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஒருநா விடியக்கால தூக்குதேன், வெறைச்சிருந்தா."

மாரி அழுததால் பிழைத்தாள், இன்னொருத்தி அழாததால் செத்தாள். இதில் யாரைக் குற்றம் சொல்ல? பிறந்து சில நாளே ஆன ஒரு சிசு பசியில் அலறியதற்கு, முப்பத்தாறு வயதுக்காரி வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுனைக்கு ஏம்மா கொண்டு போனே?"

"தேரியில பொதைச்சா காத்துல மண்ணு நகந்துரும், நரி தோண்டிரும். அதுவும் போக..." பூவம்மாள் ஒரு கீரைக்காம்பை எடுத்து ஒடித்தாள். "பாலுதான் குடுக்க முடியல. தண்ணியாவது குடிக்கட்டும்னு நெனச்சேன். சாமி சுனைதான். கால் வைக்கக் கூடாதுதான். ஊத்துக்கண்ணுக்குப் பக்கத்துல எறங்கி, அடி மணலத் தோண்டி வச்சிட்டு வந்தேன். பேரு வைக்கல. பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டா."

மாரி சொல்ல வந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கடைசியில் நேராகவே சொன்னாள். சுனையில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது, அது அவளைக் கரைத்து எடுத்துக்கொண்டது, அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருக்கிறது என்று.

"உசுரோட இருக்காளா?"

"இல்லம்மா. அவ ஒடம்பு எப்படி அமையணும்னு ஒரு கணக்கு உண்டுல்ல, அது மட்டும் இருக்கு. துண்டு துண்டா."

பூவம்மாள் எழுந்து சேலையை உதறினாள். "வா, போவோம்," என்றாள். உச்சி வெயில் என்று மாரி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

மணல் செருப்பை மீறிச் சுட்டது. கோவில் மதில் தெரியும் முன்பே மாரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் அது தவளைச் சத்தம் என்று புரிந்தது.

பங்குனி உத்திரத்துக்கு வரும் கூட்டம் சாமிக்கு மொள்ளத் தண்ணீர் போதவில்லையென்று, வெளியூரில் கடை வைத்திருக்கும் புண்ணியவான்கள் நாலு பேர் சேர்ந்து ஆற்றுப் பாசனக் கால்வாயிலிருந்து குழாய் போட்டுச் சுனையை நிரப்பிவிட்டிருந்தார்கள். மச்சாது வந்து போன மறு நாளே வேலை முடிந்திருக்கிறது. நல்ல காரியம்தான், குறை சொல்ல முடியாது. வயல் உரமெல்லாம் கலந்த கால்வாய்த் தண்ணீர் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. மேலே பச்சையாகப் பாசி. பூவம்மாள் மதிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "எங்க வச்சேன்னே தெரியல," என்று மட்டும் சொன்னாள்.

மாரி ஒரு குப்பியில் அந்தப் பச்சைத் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தாள். அவள் பயந்தபடியேதான் இருந்தது. கொழுத்துப் போன வேறு நூறு வகைக் கிருமிகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பழைய கஞ்சன் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அப்போ நம்ம கிட்ட இருக்கிறதுதான் மிச்சம்," என்றார் மச்சாது. ஆய்வகத்தில், ஓயாமல் ஆடும் மேடை ஒன்றின் மேல் நாலு கண்ணாடிக் குடுவை இருந்தது. சுனையிலிருந்து முன்பு கொண்டுவந்து வளர்த்த பாக்டீரியா அதில்தான். "உறைய வைக்கவும் முடியல. கந்தகத் தோலு குளிர்ல நொறுங்கிப் போகுது. உயிரோடதான் காப்பாத்தணும். அடுத்த மாசம் ஹைதராபாத் பெரிய ஆய்வகத்திலருந்து ஆளுங்க வந்து அவங்க கையால சோதிக்கப் போறாங்க. அது வரைக்கும் ஒரு பொட்டு மணிச்சத்து உள்ள போயிரக் கூடாது."

"போனா என்ன ஆகும் சார்?" அவளுக்கே தெரியும். இருந்தும் கேட்டாள்.

"முதல்ல பேய் மாதிரி பிரதி எடுக்கும். ஒரே நாள்ல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு. பெறவு சத்து வந்துக்கிட்டேதான் இருக்குன்னு தெரிஞ்சா சேமிப்பு எதுக்குன்னு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுரும். நாலு நாள்ல சுத்தமா இருக்காது." பிறகு, மனிதர் நல்லவர் என்பதால், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்குத் தெரியும் மாரி, அது உன் கூடப் பொறந்தவ. ஆனா உலகத்துல வேற யாரும் இத நம்ப மாட்டாங்க. கையில இருக்கிற சான்று இந்த நாலு குடுவைதான். உன் வேலையும் இதுலதான் தொங்குது. மூணு கன்டாமினேஷன் உன் பேர்ல பதிவாயிருக்கு."

அன்றிலிருந்து அந்தக் குடுவைகளுக்கு மாரி காவல். தினமும் மணிச்சத்து அறவே இல்லாத தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். சாகவும் விடாமல், வயிறாறவும் விடாமல், நடுவில் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வேலையில் அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. முதல் வாரம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் வாரம் சோறு இறங்க மறுத்தது. கவளத்தை வாயில் வைத்தால் யாரோ எதிரில் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பார்ப்பது போலிருந்தது. பட்டப்பகலில், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், நாற்பது பேர் இரைச்சலுக்கு நடுவில் அப்படித் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அவள் பேச்சும் குறைந்துபோயிற்று. பக்கத்து அறைக்காரர்கள் உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்கள். குடுவையருகில் போனால் கண்ணாடி வளைவில் முகம் தெரியும். அது தன் பிம்பம்தான் என்று படித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த முகம் தன்னிடம் எதையோ கேட்கப் போகிறது என்று காத்திருந்தாள். அது கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் ஞாயிறு பூவம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் முதல் பேருந்தில் வந்து இறங்கினாள். மச்சாது மாதா கோவில் பூசைக்குப் போயிருந்தார், ஆய்வகத்தில் வேறு ஆளில்லை. வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. மாரி அம்மாவுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, தலைக்கு உறை போட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கோட்டில் பூவம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"இதுவா?"

"இதுதாம்மா."

பூவம்மாள் குனிந்து ஒவ்வொரு குடுவையாகப் பார்த்தாள். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. மேடை ஆடிக்கொண்டே இருந்தது. தொட்டில் என்று நினைத்தாளோ என்னவோ, ஆட்டம் நின்றுவிடாதே என்று கேட்டாள். நிற்காது என்றாள் மாரி.

"என்ன குடுக்கிய இதுக்கு?"

"ஒண்ணும் குடுக்கிறதில்லம்மா. உப்புத் தண்ணிதான். மணிச்சத்து குடுத்தா அவள விட்டுரும். பசியில இருந்தாத்தான் வச்சிருக்கும்."

பூவம்மாள் நிமிர்ந்தாள். மகளை இப்படி ஒரு பார்வை அவள் எப்போதும் பார்த்ததில்லை.

"அப்போ இப்பவும் பட்டினி போட்டுத்தான் வச்சிருக்கியா?"

மாரி ஹைதராபாத்திலிருந்து ஆள் வருவதையும், சான்றையும், வேலையையும் சொன்னாள். சத்துக் கொடுத்தால் ஒரு நாள் பெருகுவாள், பிறகு என்றைக்கும் இருக்க மாட்டாள், சுனையிலும் இல்லை, வேறு எங்கும் இல்லை, இதுதான் கடைசி என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்கே கேட்டது. பந்தலடியில் அம்மா சொன்ன கத்துற பிள்ளை நினைவு வந்து, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"போனாப் போறா," என்றாள் பூவம்மாள். "நாம பிடிச்சு வச்சி என்ன செய்யப் போறோம்? வயிறு நெறஞ்சி போகட்டும்."

மாரி மருந்து அலமாரியைத் திறந்து, மணிச்சத்து உப்பைக் கரைத்து வைத்திருந்த புட்டியை எடுத்தாள். வேலை போகும். மச்சாது முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. இனி யாரிடம் சொன்னாலும் கதை கட்டுகிறாள் என்பார்கள். அவள் மூடியைத் திருகித் திறந்து புட்டியை அம்மா கையில் கொடுத்தாள்.

"ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டும்மா. அது போதும்."

பூவம்மாள் புட்டியைச் சரித்தாள். ரெண்டு சொட்டு விழுந்தது, பத்து விழுந்தது, அப்புறம் ஒழுகியே ஊற்றியது. முதல் குடுவை, இரண்டாவது, மூன்றாவது.

"போதும்மா," என்றாள் மாரி.

"நீ சும்மா இரிட்டி," என்றாள் பூவம்மாள், கண்ணை எடுக்காமல். "போதும்னு அவ சொல்லட்டும்."

மாரி நான்காவது குடுவையின் மூடியைத் திறந்து அம்மா பக்கம் நீட்டினாள்.